வராத வாக்கு

இறையியல் கல்லூரியில் வேதாகம விளக்கம் நடத்துகிறவரை வீட்டிலும் வாத்தியார் என்றே சொல்வார்கள். ஒரு வசனம் கையில் கிடைத்தால் லேசில் விடமாட்டார். யார் சொன்னது, யாரிடம், சொன்னவர் வாக்குக் கொடுத்தாரா, தைரியம் மட்டும் சொன்னாரா என்று குடைந்துகொண்டே இருப்பார். தன் கையில் இல்லாததற்குக் கொடுக்கிற வாக்கு வாக்கே இல்லை என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுவார்.

அன்று அவர் தங்கை வீட்டில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றார். கட்டிலில் தங்கை மகள், பத்து வயது, சர்க்கரை நோய். தினம் நாலு ஊசி குத்திக் குத்தித் தங்கைக்கு மனசு விட்டுப்போயிருந்தது. விசுவாசத்தோடு ஜெபித்தால் நோயாளி பிழைப்பான் என்று வேதாகமத்தின் ஒரு நிருபத்தில் படித்தவள், மூன்று நாளாக இன்சுலினை நிறுத்தியிருந்தாள். பிள்ளைக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"அது அந்தக் காலத்துச் சபைக்கு எழுதின கடிதம்மா. அவங்களைத் தைரியப்படுத்தச் சொன்னது. மருந்தை நிறுத்தச் சொல்லி உனக்கு யாரும் எழுதலை."

"அப்ப மன்னிப்பும் அவங்களுக்குத்தானாண்ணா? பரலோகமும் அவங்களுக்கா? எனக்குன்னு ஒரு வரிகூட இல்லையா?"

நியாயமான கேள்வி.

அவளே இறங்கி வந்தாள். ஊசிப் பெட்டியைத் திறந்து வைத்தாள். "சரி, உங்க வாக்கைப் பிடிச்சுக்கறேன். ஊசி போட்டா கண்டிப்பா பிழைப்பாள்னு சொல்லுங்க. இப்பவே போடறேன்."

சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் பிள்ளையின் மூச்சைப் பார்த்ததும், இனி ஊசி மட்டும் போதுமா என்று சந்தேகம் வந்துவிட்டது. இருபது வருஷப் பழக்கம் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"வாய்ப்பு அதிகம்னு சொல்லலாம்மா" என்றார், பாவி மனுஷன்.

தங்கை பெட்டியை மூடினாள். "ஆண்டவர் வாய்ப்புன்னு சொல்லலைண்ணா." அவரை வெளியே அனுப்பித் தாழ்ப்பாள் போட்டாள்.

அவர் தெருவில் நின்று ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஆட்கள் வந்து கதவை உடைத்தபோது மூச்சுச் சத்தம் நின்றிருந்தது.

அடக்கத்தன்று குழி ஓரத்தில், மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்ற பகுதியை அவர்தான் வாசித்தார். முடித்ததும் தங்கை பக்கத்தில் வந்தாள்.

"இது யாருக்கு எழுதினதுண்ணா?"

"உனக்குத்தாம்மா."

"என் பிள்ளை எழுந்திருப்பாளா?"

"கண்டிப்பா எழுந்திருப்பாள்." அரை நொடிகூட யோசிக்கவில்லை.

தங்கை அவர் முகத்தையே பார்த்தாள்.

"அன்னைக்கு இந்த வார்த்தை வரலையேண்ணா" என்றாள்.