மேடையில் நான் மாற்றிச் சொன்னது

என் கொழுந்தன் மனைவி பேச ஆரம்பித்தால் என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். கிரிக்கெட் ஓடினாலும் சரிதான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் எனக்காக அந்த ரிமோட்டை அவர் ஒரு தடவை தொட்டிருப்பாரா? அங்கேதான் என் வயிறு எரிய ஆரம்பித்தது.

நான் மொழிபெயர்ப்பாளர். ஆஸ்பத்திரி, கோர்ட், போலீஸ் ஸ்டேஷன், இந்த ஊர் மொழி தெரியாமல் நம் ஆட்கள் எங்கே போய் முழித்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று சத்தியம் செய்து வாங்கிய அரசாங்க அட்டை கழுத்தில் தொங்கும். பதினைந்து வருடம் ஊரார் பேச்சையெல்லாம் பேசியாகிவிட்டது. உனக்கு என்ன தோன்றுகிறது என்று ஒரு பிராணி என்னைக் கேட்டதில்லை.

கொழுந்தன் மனைவி இந்த ஊருக்கு, எங்கள் வீட்டுக்கு, வந்து மூன்றே வருடம். ஓட்டல் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் லாண்டரியில் வேலை. ஈர விரிப்பின் இரண்டு மூலையையும் பிடித்துச் சூடான இஸ்திரி உருளைக்குள் விடவேண்டும். முழங்கை வரை சின்னச் சின்னச் சூட்டுத் தழும்புகள். ஆனால் வாய்! மேஸ்திரி எப்படி நடப்பார், உருளை மாட்டிக்கொண்டால் எப்படிக் கத்துவார் என்று அவள் செய்து காட்டினால் கல்லுக்கும் சிரிப்பு வரும். முன்பெல்லாம் லாண்டரிப் பெண்கள் கடிதம் படித்துக்காட்டச் சொல்லி என்னைத் தேடி வருவார்கள். இப்போது கதவைத் திறந்ததும், "அவ இருக்காளா அக்கா?" என்று என் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார்கள்.

ஒருநாள் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அக்கா, எங்க ஒன்பது பேர் பாஸ்போர்ட்டும் முதலாளிகிட்டதான் இருக்கு. பத்திரமா வெச்சிருக்கேன்னு வாங்கினார். கேட்டா, எங்க ஓடிடப் போறீங்கன்னு சிரிக்கிறார்."

முதலாளி என்றால் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர். லாண்டரி அவருடையது. சங்கம் கூடும் ஹாலும் அவருடையது.

"வெளிய சொல்லிடாதே. நம்மளத் திருப்பி அனுப்பணும்னு ஒரு கூட்டமே தெருவுல நிக்குது. நாமளே அவங்க கையில குச்சியைக் குடுக்கணுமா?" என்றேன்.

"அப்ப எப்ப சொல்றது? அவங்க எப்பவும் நிக்கத்தானே போறாங்க?"

அவள் துடைத்து வைத்த தட்டை எடுத்து நான் மறுபடி துடைத்தேன். பேச்சே தொழிலாக இருக்கும் நான், இவள் முன்னால் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வெளிநாட்டார் வெளியேற வேண்டும் என்று அந்தக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை நகர மன்றத்துச் சதுக்கத்தில் கூடுவதாக அறிவித்தது. அதே நேரத்தில் எதிர்ப்பக்கம் நாமும் கூடுவோம் என்று சங்கம் ஹாலில் கூடி முடிவுசெய்தது. வேலை செய்யும் பெண் ஒருத்தி பேசினால் நன்றாக இருக்கும் என்றார் தலைவர். நானும் வேலை செய்கிறவள்தானே? முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என்னைத்தான் பேசச் சொல்வார்கள் என்று முதல் நாளே மனதுக்குள் ஒரு பேச்சைத் தயார் செய்து, குளியலறையில் சொல்லியும் பார்த்திருந்தேன். அத்தனை பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

"அம்மா, நீங்க மொழிபெயர்த்துடுங்க. உங்கள விட்டா யாரு?" என்றார் தலைவர் என்னிடம். கல்யாணப் பெண்ணுக்குக் குடை பிடிக்கச் சொன்னதுபோல இருந்தது.

யார் பேசினாலும் முதலில் தமிழில் பேசவேண்டும், பிறகு அது இந்த ஊர் மொழியில் சொல்லப்படும். இது எங்கள் சங்க வழக்கம். பேச்சை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவும் வேண்டும். அவளும் கொடுத்திருந்தாள். இருந்தாலும் சனிக்கிழமை காலையில் தலைவர் எனக்குப் போன் செய்தார்.

"அந்தப் பொண்ணுக்கு வாய் நீளம். எதையாவது உளறினா நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லிடுங்கம்மா."

"அது எங்க வேலையில கிடையாதுங்க," என்று வெடுக்கென்று வைத்துவிட்டேன். அன்று முழுக்க எனக்கே என்மேல் மரியாதையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சதுக்கத்தின் நடுவே போலீஸ் இரும்புத் தடுப்பு போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் அட்டைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "போ! போ!" என்று கத்தினார்கள். இந்தப் பக்கம் நம் ஆட்களும், நமக்காக வந்திருந்த உள்ளூர்க்காரர்களும், பத்திரிகைக்காரர்களும். தொழிலாளர் துறை அதிகாரி ஒருவரும் முன்னால் நின்றார்.

அவள் மைக்கைப் பிடித்தாள். கையிலிருந்த தாளைப் பிரிக்கவே இல்லை.

"போ, போங்கறாங்க. போகத்தான் முடியுமா? என் பாஸ்போர்ட் என்கிட்ட இல்ல. எங்க ஒன்பது பேரோடதும் எங்க முதலாளி பீரோவுல இருக்கு. அவங்க போகச் சொல்றாங்க, இவர் போக விடமாட்டேங்கறார். நடுவுல நாங்க துணி துவைக்கிறோம்."

நம் ஆட்கள் எல்லோரும் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். குளியலறையில் நான் ஒத்திகை பார்த்த பேச்சில் இப்படி ஒரு வரிகூடக் கிடையாது. பத்து வருடம் உட்கார்ந்து யோசித்தாலும் எனக்கு வராது. இதை நான் இந்த ஊர் மொழியில் சொன்னால் சதுக்கமே எழுந்து நிற்கும். அவளுக்காக நிற்கும்.

மைக் என் கைக்கு வந்தது.

"எங்களைப் போகச் சொல்கிறார்கள்," என்றேன். "நாங்கள் எங்கே போவது? இதுதான் எங்கள் ஊர். எங்கள் முதலாளி எங்களைக் குடும்பம்போலப் பார்த்துக்கொள்கிறார். உங்கள் துணிகளைத் துவைப்பதில் எங்களுக்குச் சந்தோஷம்."

உள்ளூர்க்காரர்கள் தட்டோ தட்டென்று தட்டினார்கள். அதிகாரியும் தட்டினார். தலைவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு இரண்டு மொழியும் தெரியும். நான் என்ன செய்தேன் என்று அவர்களுக்குப் புரிந்தது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. வீட்டு விஷயம் வெளியே போகவில்லை என்ற நிம்மதி அவர்கள் முகத்தில் பளிச்சென்று தெரிந்தது.

அவளுக்கு இந்த ஊர் மொழி அரைகுறை. கைதட்டலைக் கேட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். கையைப் பிடித்துக்கொண்டு, "தேங்க்ஸ்க்கா," என்றாள்.

மறுநாள் லாண்டரியில் அவளை உள்ளே விடவில்லை. தமிழில் சொன்னதை முதலாளி கேட்டுவிட்டார் அல்லவா? மற்ற எட்டுப் பேரும் தங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "அதிகாரியே கேட்டாரேக்கா, கை தட்டினாரே, ஏன் யாரும் வந்து விசாரிக்கல?" என்று ஒரு வாரம் என்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று வேலைக்குப் போயிருந்த கொழுந்தனுக்கு மேடையில் நடந்தது தெரியாது; கூட்டத்தில் இருந்த என் வீட்டுக்காரர் அவளிடம் சொல்லவில்லை. என்னிடமும் எதுவும் கேட்கவில்லை. டிவியை மட்டும் சத்தமாக வைத்துக்கொண்டார்.

கடைசியில் அவளே தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். துணைக்கு நான் போனேன். சொந்தக்காரர் மொழிபெயர்க்கக் கூடாது என்பதால் அங்கே வேறொரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் இந்தத் தொழிலுக்கு வந்தவள். ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். அந்த நேரத்திலும் அவளிடம் குறை கண்டுபிடிக்கத்தான் என் காது அலைந்தது.

அன்று கைதட்டிய அதே அதிகாரிதான், கம்ப்யூட்டரைத் திருப்பி, தமிழை வெட்டிவிட்டுச் செய்தியில் போட்ட கூட்டத்து வீடியோவைக் காட்டினார். திரையில் நான் பேசிக்கொண்டிருந்தேன். "முதலாளி குடும்பம்போலப் பார்த்துக்கொள்கிறார் என்று பொது மேடையில் சொல்லியிருக்கிறீர்கள். இப்போது பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார் என்கிறீர்கள். எது பொய்?"

அந்தப் பெண் அதைத் தமிழில் சொன்னாள். என் கொழுந்தன் மனைவிக்கு முதலில் விளங்கவில்லை. "நான் அப்படிச் சொல்லவே இல்லையே," என்றாள். அப்புறம் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நாற்காலியை என்னிடமிருந்து கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் பொய்க்காரி ஆவாள். திறந்தால் என் அட்டை போய்விடும், பதினைந்து வருடப் பிழைப்பு போய்விடும். இருந்தாலும் எழுந்து நின்றேன். அவளுக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே சொன்னேன்.

"அவ பாஸ்போர்ட்டைப் பத்தித்தான் பேசினா. நான்தான் மாத்திச் சொன்னேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பதினைந்து வருடமாக என்னைத் தெரிந்தவர். எனக்கு ஒரு வழி விடத்தான் நினைத்தார் போலிருக்கிறது. "சங்கத் தலைவர் உங்களை மிரட்டினாரா? அப்படியென்றால் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன். உங்கள் தொழிலுக்கு ஒன்றும் ஆகாது."

சட்டென்று தலையாட்டத் தோன்றியது. போன் வந்தது நிஜம்தானே? பக்கத்தில் அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவர் போன் பண்ணினார். முடியாதுன்னு சொல்லிட்டேன்," என்றேன்.

"பிறகு ஏன்?"

"அவ என்னைவிட நல்லாப் பேசினா."

அந்தப் பெண் அதையும் ஒரு சொல் பிசகாமல் அதிகாரிக்குச் சொன்னாள்.