பதினோரு தட்டும் ஒரு டிரம் செட்டும்

1

ஜ்ஜ்ஞாங்ங்ங்!

திருவரங்குளம் பஸ் ஸ்டாப்பில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, என் கையிலிருந்த டீயில் பாதி என் சட்டைக்குப் போனது இந்தச் சத்தத்தால்தான். திரும்பினேன். பழைய வெள்ளைக் குட்டிக் கார் ஒன்றின் முன்கதவு திறந்திருந்தது. டிரம்ஸ்காரர்கள் குச்சியால் அடிக்கும் பித்தளை வட்டம், சிம்பல் என்பார்களே, அது தார்ச்சாலையில் தானாக உருண்டு வந்து என் செருப்பை முட்டிப் படுத்துக்கொண்டது. பின்னாலேயே ஐந்து ஆப்பிள்களும் வந்தன.

பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்மணி ஓடிவந்தார். சிம்பலை எடுத்துக் கொடுத்தேன். ஆப்பிள்களையும் பொறுக்கிக் கொடுத்தேன். நாலுதான். ஐந்தாவது ஓர் ஆட்டுக்குக் கிடைத்தது.

“ஒடையலயே?” என்று காரை ஓட்டிவந்தவர் உள்ளிருந்தபடியே கேட்டார்.

“இல்லங்க” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்மணி ஏறி உட்கார்ந்தார். கதவு சாத்தவில்லை. நான் வெளியிலிருந்து தோளைக் கொடுத்துத் தள்ளினேன். கார் ஆலங்குடிப் பக்கம் போய்விட்டது.

நான் கண்ணால் கண்டது இவ்வளவுதான். மொத்தம் இரண்டு நிமிடம். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. “இப்படியெல்லாம் நடக்குமா சார்?” என்று கடிதம் போட நினைப்பவர்கள் இந்த இடத்திலேயே ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளலாம்.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் யோசித்தேன்.

“பின்சீட்டில் பேஸ் டிரம், மாப்பிள்ளைத் தோழன் மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தது.” கேட்க நன்றாக இருக்கிறது. அடுத்த வரிதான் வரமாட்டேன் என்கிறது.

“இசைக்கு வயது ஏது? அந்த...” (வேண்டாம். இப்படி ஆரம்பித்த இரண்டு கதைகள் போன வேகத்தில் திரும்பி வந்திருக்கின்றன.)

“அமராவதி நாற்பது வயதில் டிரம்ஸ் அடிக்கக் கற்றுக்கொண்டதற்குக் காரணம், வீட்டை அடைத்துக்கொண்டிருந்த அந்தப் பொருளை வேறு என்ன செய்வதென்று தெரியாததுதான்.”

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

அமராவதிக்கு வீடு திருக்கோகர்ணத்தில். தனியார் பள்ளி ஒன்றில் ஆபீஸ் வேலை. மகள் காவ்யா அடம்பிடித்து டிரம் செட் வாங்கி, அடுத்த வருடமே அதை அம்போவென்று விட்டுவிட்டுக் கோவைக்குப் படிக்கப் போய்விட்டாள். முதலில் அது ஈரத்துணி காயப்போட உதவியது. ஒருநாள் துணியை எடுக்கையில் கை பட்டு ‘டொம்’ என்றது. அமராவதி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இன்னொரு தட்டு தட்டினார். பிறகு மூன்று வருடம், செல்போனைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். இதுவரை யார் முன்னாலும் வாசித்ததில்லை.

இப்போது நாத்தனார் மகள் இனியாவுக்குக் கீரமங்கலத்தில் கல்யாண ரிசப்ஷன்.

“அத்தே, நீங்க ரெண்டு பாட்டுக்கு வாசிக்கிறீங்க. பாட்டுக்காரங்ககிட்ட சொல்லிட்டேன்” என்று போனில் சொன்னாள் இனியா.*

“அடியே, ஒங்க மாமாவோட பங்காளிங்க அம்புட்டுப் பேரும் முன்வரிசையில ஒக்காந்திருப்பாங்கடி.”

“இருக்கட்டும். எங்க மாமியாரும் இருப்பாங்க. எனக்கு இப்புடி ஒரு அத்தை இருக்காங்கன்னு அவங்க பாக்கணும்ல?”

(* பாட்டுக்காரர்களிடமே டிரம்ஸ் இருக்காதா? இருக்காது. இப்போது கீபோர்டுக்காரர்கள் டிரம்ஸைப் பெட்டிக்குள்ளேயே பொத்தானாக வைத்திருக்கிறார்கள்.)

3

இந்தக் கதையில் எனக்குத் தொல்லை கொடுப்பவர் அமராவதியின் கணவர் வீரய்யா.

முதல் வரைவில் அவரை வில்லனாக்கினேன். “ஒரு பொம்பள டிரம்ஸ் அடிக்கிறதா? என் மானம்...” என்று எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. இரண்டாவது வரைவில் நல்லவராக்கினேன். “அடி அமரா, உலகம் பார்க்கட்டும்!” என்றார். அப்படிப் பேசுகிற கணவரைப் புதுக்கோட்டை மாவட்டத்தில் நான் பார்த்ததில்லை. அடித்துவிட்டேன்.

மூன்றாவது வரைவில் அவர் பேசுவதையே நிறுத்திவிட்டார். அமராவதி வாசிக்க உட்கார்ந்தால் இவர் மொட்டைமாடிக்குப் போய்விடுவார். பிடிக்காமல் போகிறாரா, காது வலிக்கிறதா, அங்கே நின்று கேட்கிறாரா? எனக்கும் தெரியாது, அமராவதிக்கும் தெரியாது.

ரிசப்ஷனுக்கு முந்தின நாள் அமராவதி கேட்டே விட்டார்.

“என்னங்க, நான் மேடையில வாசிக்கிறது ஒங்களுக்குச் சம்மதந்தானே?”

“ம்.”

“இந்த ‘ம்’முக்கு என்னங்க அர்த்தம்?”

“ம்?”

இதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு சொல்லையும் என்னால் கறக்க முடியவில்லை.

4

வீரய்யா இனியாவுக்குத் தாய்மாமன். தாய்மாமன் சீர் பதினோரு தட்டு. பழம், பூ, பட்டு, தேங்காய், இனிப்பு என்று தட்டுத் தட்டாக, மேளத்தோடு மண்டபத்துக்குள் போக வேண்டும். ஆக, அந்தக் குட்டிக் காரில் போக வேண்டியவை: சீர்ப்பொருள், பதினோரு பெரிய தாம்பாளம், டிரம் செட், இரண்டு மனிதர்கள்.

நல்லவேளையாக வீரய்யாவுக்குப் பார்சல் ஆபீசில் லோடு ஏற்றும் மேற்பார்வை. செட்டிலேயே பெரிதான பேஸ் டிரம்மின் முன்பக்கத் தோலைக் கழற்றி, அதற்குள் சின்ன டிரம்மை இறக்கி, சின்ன டிரம்முக்குள் பட்டுப்புடவையைத் திணித்து, இடுக்கில் வாழைப்பழத்தைச் செருகினார். சாத்துக்குடி, அடுத்த டிரம்முக்குள். சிம்பல்கள், அமராவதியின் மடிக்கு. சிம்பல் மேல் ஆப்பிள் பை.

“பேஸ் டிரம்முக்கு சீட் பெல்ட்டா?” என்றார் அமராவதி. “எனக்கு என்னைக்காச்சும் மாட்டி விட்டுருக்கீங்களா?”

“ம்.”

நாலு மணிக்கு அமராவதி புடவை கட்ட உள்ளே போனார். நாலரைக்கு வந்தபோது எல்லாம் ஏற்றி, டிக்கியை மூடிக் கயிறும் கட்டியாகிவிட்டது. அந்த அரைமணி நேரத்தை நான் எழுதவில்லை. நானும் அமராவதியோடு உள்ளே, கண்ணாடி முன்னால் மாட்டிக்கொண்டேன். ஐந்து மணிக்குத் திருவரங்குளத்தில் காலை நீட்ட அவர் கதவைத் திறந்ததும் நடந்தது உங்களுக்கே தெரியும்.

5

கீரமங்கலம். மண்டபத் தெரு முனைப் பிள்ளையார் கோயில். மேளக்காரர்கள் தயார். சீர் தூக்க வந்த பெண்கள் வரிசையாக நின்றார்கள். டிக்கியைத் திறந்தால், சாக்கில் சுற்றிய நாலு இரும்பு ஸ்டாண்டுகள். சிம்பலை மாட்டி நிறுத்துகிற ஸ்டாண்டுகள். தாம்பாளம் ஒன்றுகூட இல்லை.

“மதினி, தட்டு எங்க?” என்றார் வீரய்யாவின் தங்கை, இனியாவின் அம்மா அன்புமொழி.

அமராவதி டிக்கிக்குள் குனிந்து தேடினார். “வாசல்ல எடுத்து வச்சேனே... ஏத்தச் சொல்லாம விட்டுட்டேனோ?”

“தட்டு இல்லாத சீரா! இம்புட்டுப் பெரிய டிரம் டப்பாவெல்லாம் ஞாபகம் வந்துருக்கு, தட்டு மட்டும் மறந்துருச்சாக்கும்?”

(மண்டபத்தில் தட்டு கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைக்கும். ஆனால் பெண் வீட்டுத் தட்டில் தாய்மாமன் சீர் வைத்துக் கொண்டுபோனால் அந்தக் குடும்பம் அடுத்த மூன்று கல்யாணத்துக்கு அதையே பேசும். பாத்திரக்கடை? ஞாயிற்றுக்கிழமை.)

அமராவதி முன்சீட்டிலிருந்து சிம்பலை எடுத்தார். முந்தானையால் துடைத்தார். அதில் ஆப்பிளை அடுக்கிக் குங்குமச் சிமிழை வைத்து முதல் பெண்ணின் கையில் கொடுத்தார்.

“பித்தளைதான். பிடிங்க.”

சிம்பல் நாலு. டிரம் பெரிசும் சிறிசுமாக ஐந்து. உட்கார்ந்து வாசிக்கிற வட்ட ஸ்டூல் ஒன்று. பழகுகிற ரப்பர் வட்டு ஒன்று. சரியாகப் பதினொன்று! நான் திட்டமிட்டு வைத்த எண் அல்ல இது. எண்ணிப் பார்த்தபோது எனக்கே புல்லரித்தது. பேஸ் டிரம்மை மட்டும் இரண்டு பெண்கள் தூக்க, அதன் மேல் பட்டும் மாலையும் ஊர்வலம் போயின.

“இப்பல்லாம் இதான் பேஷனா?” என்று ஒரு பங்காளி கேட்டார். “டிசைன் தட்டுப்பா” என்றார் இன்னொருவர்.

6

மணி ஏழு. மேடையில் சீர் பரப்பியாகிவிட்டது. டிரம் செட் முழுவதும் பழத்தின் கீழே இருக்கிறது.

“அத்தே, எப்ப ஆரம்பிக்கிறீங்க?” என்று இனியா மேடையிலிருந்தே கேட்டாள். மைக் அருகில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

அன்புமொழி திரும்பினார். “எங்கிட்டு ஆரம்பிக்கிறது? நாலு சனம் சிரிக்க வச்சது போதாதா? மதினி, வாசிக்கிற ஆசையில வீட்டு மானத்த வாசல்லயே வச்சுட்டு வந்துட்டீங்களே!”

“என் தப்புதான் அன்பு” என்றார் அமராவதி. குச்சிகளைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

இங்கே நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். முடிவுகள் கைவசம் இருக்கின்றன. அமராவதி வாசிக்கிறார், பங்காளிகள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும், எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அல்லது வாசிக்காமலே வீடு திரும்பி, டிரம் மேல் மறுபடி ஈரத்துணி போடுகிறார். இது எனக்கு வலிக்கிறது. அல்லது இனியாவே இறங்கி வந்து பழத்தையெல்லாம் எடுத்து... அவள் போட்டிருக்கிற ரிசப்ஷன் கவுனில் குனியவே முடியாது.

ஆகவே அவர் வாசித்தாரா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். நீங்கள் எழுதி முடித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு குறை. லோடு ஏற்றுவதே தொழிலாக இருக்கும் ஒரு மனிதர், வாசலில் கிடந்த பதினோரு தாம்பாளத்தை எப்படிப் பார்க்காமல் விட்டார் என்பது எனக்கு இடிக்கிறது. அதைச் சரிசெய்யலாம் என்று மறுபடி மண்டபத்துக்குள் போனேன். நான் இன்னும் வசனம் எழுதிக் கொடுக்காத வீரய்யா, தங்கைக்கும் மனைவிக்கும் நடுவே வந்து நின்றுகொண்டிருந்தார்.

“தட்ட எறக்கி வச்சது நாந்தான் அன்பு. டிக்கியில ரெண்டுக்கும் எடமில்ல. ஸ்டாண்டு இல்லாமப் போனா ஒம் மதினி எதுல மாட்டி வாசிப்பா?”