ரமா எடுத்துக்கொண்ட சொல்

யோகராஜா அம்மாவை மணந்து வீட்டுக்கு வந்த பிறகு, அந்தக் குளிர்காலம் முழுவதும் ரமா அவரை எந்தச் சொல்லாலும் கூப்பிடவில்லை. ஏழு வயதுப் பிள்ளை. அவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவர் கண்ணில் படும்வரை முன்னால் போய் நிற்பாள். இல்லாவிட்டால் மேசையில் மெல்லத் தட்டுவாள்.

அவளுடைய அப்பா எண்பத்தேழாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்து இறந்துபோனார். அவரைப் பற்றி அவளிடம் மிஞ்சியிருந்தது ஒரு தோள் மட்டும்தான். அதில் சாய்ந்து தூங்கியபடி அவள் எங்கோ போகிறாள். முதுகில் வெயில் படுகிறது. அது நடந்ததா, கண்ட கனவா என்று அவளுக்கே தெரியாது.

"அப்பா எண்டு கூப்பிடன், பிள்ளை," என்று தலை வாரி இழுத்துவிடும்போதெல்லாம் அம்மா சிவமலர் கெஞ்சுவாள். "அந்த மனுசன் பாவமெல்லே."

ரமா வாயைத் திறப்பாள். அந்தச் சொல்லை இவருக்குக் கொடுத்துவிட்டால் அந்தத் தோள் இல்லாமல் போய்விடும் என்று தோன்றும். மூடிக்கொள்வாள்.

யோகராஜா ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு லோண்டரியில் வேலை செய்தார். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் அங்கே வெளுக்க வரும். ஒரு சனிக்கிழமை சிவமலரைத் திடீரென்று ஷிப்டுக்குக் கூப்பிட்டார்கள். அவர்கள் குடியிருந்த வால்தம்ஸ்டோவில் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை.

"என்னோட வரட்டும். நான் பாக்கிறன்," என்றார் அவர்.

லோண்டரியின் பின்பக்கம் ஒரு நீண்ட கூடம். கயிறுகளில் வரிசை வரிசையாக வெள்ளை விரிப்புகள் தொங்கின. வெந்நீர் ஆவி தரையிலிருந்து எழுந்து அவற்றுக்கிடையே ஊர்ந்தது. ரமாவை ஒரு ஸ்டூலில் இருத்திவிட்டு அவர் மெஷினடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அவள் இறங்கி நடந்தாள். கன்னத்தில் ஈரமான சூடு. சவர்க்கார வாசம். கூரை விளக்குகள் ஆவிக்குள் கரைந்து நிலவுகள்போல் மிதந்தன. எங்கிருந்தோ காற்று வர, விரிப்புகள் எல்லாம் ஒன்றாக உப்பி ஒன்றாகத் தாழ்ந்தன. பெரிய வெள்ளை விலங்கு ஒன்று தூங்கிக்கொண்டிருக்க, தான் அதன் மூச்சுக்குள்ளே நடந்து போவதுபோல அவளுக்கு இருந்தது. பயமே இல்லை.

திரும்பிப் பார்த்தாள். வந்த வழி இல்லை. எந்தப் பக்கமும் வெள்ளை.

கூப்பிட வேண்டும். என்னவென்று கூப்பிடுவது? அம்மா அவரைக் கூப்பிடும் சொல்தான் வாயில் வந்தது.

"இஞ்சருங்கோ!"

மெஷின் இரைச்சல் அதை விழுங்கியது. மூச்சை இழுத்து மறுபடி கத்தினாள். "இஞ்சருங்கோ! இஞ்சருங்கோ!"

ஒரு விரிப்பு விலகியது. கண்ணாடியில் ஆவி படிந்து, தலைமயிர் நனைந்து, யோகராஜா நின்றார்.

"அம்மா வந்திட்டாவோ எண்டு நினைச்சன்," என்றார். சிரிப்பை அடக்கியது அவர் உதட்டில் தெரிந்தது. ரமா அழத் தொடங்கியதும் அதுவும் போய்விட்டது. மடித்து அடுக்கிய துணிகளின்மேல் அவளை இருத்தித் தானும் பக்கத்தில் இருந்தார்.

"உங்களைக் கூப்பிட என்னட்டை ஒரு சொல்லும் இல்லை."

"அப்பா எண்டு சொல்ல வேண்டாம், பிள்ளை. அது அவரின்ர. அவரிட்டையே இருக்கட்டும்."

"அம்மா ஏசுவா."

"அம்மாவோட நான் கதைக்கிறன்."

ரமா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"நீங்கள் உங்கட அப்பாவை என்னெண்டு கூப்பிட்டனீங்கள்?"

"ஐயா எண்டு."

"அவர் எங்கை?"

"செத்துப்போனார். கனகாலம்."

"அப்ப அந்தச் சொல்லை நீங்கள் இப்ப ஒருத்தருக்கும் சொல்லுறேல்லையோ?"

அவர் யோசித்தார். "இல்லை. அது சும்மாதான் கிடக்குது."

"நான் எடுக்கட்டோ?"

யோகராஜா கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்திலிருந்த ஹோட்டல் துணியின் நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டார். உடனே மறுபடி ஆவி படிந்தது. இந்த முறை அவர் அதைக் கழற்றவில்லை.

"எடு, பிள்ளை," என்றார்.

மாலையில் பஸ்ஸின் மேல்தட்டில் உட்கார்ந்து வரும்போது ரமா உதட்டை மட்டும் அசைத்து அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே மழையில் கடை வெளிச்சங்கள் ஒன்றோடொன்று கலந்து ஓடின. அவர் கவனிக்காததுபோல் இருந்தார்.

சிவமலர் ஷிப்ட் முடிந்து வந்து புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். ரமா காலில் சப்பாத்தைக் கழற்றாமலே குசினி வாசலில் போய் நின்றாள்.

"அம்மா, ஐயாவுக்குப் பசிக்குதாம்."

"ஆருக்கு?"

"ஐயாவுக்கு. எனக்கும்."

சிவமலர் அகப்பையோடு திரும்பி அவரைப் பார்த்தாள். யோகராஜா குனிந்து சப்பாத்து நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே அவிழ்ந்திருந்தது.