மோட்டார் போடாத காலை

மேற்கு மாம்பலத்தில் அந்த ஆறு வீட்டுக் கட்டடத்துக்கு வாசலில் நல்ல பெயர் ஒன்று எழுதித்தான் இருந்தது. பேங்க்காரர்கள் வந்து இரண்டாம் மாடி வீட்டைப் பூட்டி அரக்கு வைத்துவிட்டுப் போன பிறகு, தெருவே அதை 'ஜப்தி பில்டிங்' என்றது. கூரியர்காரர்கூட போனில் அதையே அடையாளம் சொன்னார். கடன் வாங்கியது ஒருத்தர், பட்டம் ஆறு வீட்டுக்கும்! கீழ் வீட்டு துரைராஜ் தன் வீட்டை விற்க ஆள் பிடித்திருந்தார். வந்த மனிதர் கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போய்விட்டார். முதல் மாடியில் வஜீஹாவின் எதிர் வீட்டில் வாடகைக்கு இருந்தவர்களும் காலி செய்தார்கள். முனை மளிகைக் கடைக்காரர், இத்தனை காலம் மாதக் கணக்கில் கொடுத்தவர், "இனிமே கையோட காசு குடுத்துருங்கம்மா" என்று வஜீஹாவிடம் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்றது.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து வந்தது தலைக்கு மேலேயே வந்தது.

பூட்டிய வீட்டுக்கு நேர் கீழே வஜீஹாவின் வீடு. கணவர் ஷாஹுல் ஹமீதுக்கு ரங்கநாதன் தெருவில் கைப்பைக் கடை. காலையில் போனால் ராத்திரிதான் வருவார். சமையலறைக் கூரையில் முதலில் கையளவு ஈரம் தெரிந்தது. அப்புறம் அது பாயளவு ஆனது. ஒரு நாள் காரை பெயர்ந்து அடுப்பின் மேலேயே விழுந்தது. கொதித்துக்கொண்டிருந்த சால்னா பாழ். ஒரு எட்டு முன்னால் நின்றிருந்தால் அவள் மண்டையும் பாழ்.

பிளம்பர் டில்லிபாபு மொட்டை மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கிப் பார்த்தான்.

"மேல பூட்டின வூட்ல பைப்பு தொறந்து கீது மேடம். டேங்க் தண்ணி அங்கதான் போய்க்கினு கீது."

"அப்ப மேல வால்வை மூடிடுப்பா."

"மூடலாம். ஆனா அவங்களுக்கும் உங்களுக்கும் ஒரே லைனு. அத்த மூட்னா உங்க வூட்டுக்கும் சொட்டு தண்ணி வராது. இன்னா பண்லாம், நீங்களே சொல்லுங்க."

வேறு வழி? மூடச் சொன்னாள். அன்றிலிருந்து கீழே போய்க் குடம் குடமாகப் பிடித்து மாடி ஏற்றினாள். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. ஏலம் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை இடுப்பும் குடமுமாகவே இருக்க முடியுமா? கட்டடச் சங்கத்துக்குச் செயலாளரும் துரைராஜ்தான்; அவரிடம் போய் நின்றாள்.

"பூட்டை உடைச்சு, பைப்பை மூடிட்டு உடனே வந்துடலாமே சார்?"

"ஐயையோ, ஆளை விடும்மா! சீல்ல கை வெச்சா கேஸு. என்னைத்தான் முதல்ல தூக்குவான்."

பேங்க்கில் வெங்கடேஷ் என்ற ஆபீசர் மரியாதையாகத்தான் பேசினார். உள்ளே வீட்டுக்காரர்களுடைய சாமான் கொஞ்சம் கிடக்கிறது. அவர்கள் வராமல் திறந்தால் நாளைக்கு அதைக் காணோம், இதைக் காணோம் என்பார்கள். வீட்டுக்காரர்களை அழைத்து வந்தால் திறந்து தருகிறேன் என்றார்.

அங்கேதான் வஜீஹா மாட்டிக்கொண்டாள். வீட்டுக்காரர் சுயம்புலிங்கம், வீட்டை அடமானம் வைத்துப் பாத்திரக் கடையைப் பெரிதாக்கப் போய் இரண்டையும் விட்டவர், வேலை தேடிக் கோயம்புத்தூர் போயிருந்தார். ஊரில் இருந்தது அவர் அப்பாவும் மனைவி ஜெயபாரதியும்தான். பெருநாள் பிரியாணி மேலே போகும், பொங்கலுக்குக் கரும்பு கீழே வரும், அப்படிப் பழகியவர்கள். காலி செய்து போனதிலிருந்து அந்த ஜெயபாரதி இவள் போனை எடுக்கவே இல்லை.

ஏன் என்றுதான் வஜீஹாவுக்கு விளங்கவில்லை. பேங்க்காரர்கள் வந்த காலையில் கட்டடமே கதவைச் சாத்திக்கொண்டது. யாரும் பேசி வைத்துச் செய்ததில்லை. ஒருத்தி குடும்பம் படியிறங்கும்போது நின்று வேடிக்கை பார்ப்பது மனுஷத்தனமா? ஜெயபாரதி ரோஷக்காரி. அவள் அழுவதை நாலு பேர் பார்க்க வேண்டாம் என்ற நல்ல எண்ணம்தான். அன்றைக்கு டேங்க்குக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போடுவது வஜீஹாவின் முறை. சுவிட்ச் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. போனால் அவள் முகத்தில் விழிக்க வேண்டிவரும் என்று மோட்டாரைக்கூடப் போடாமல், கதவுக்குப் பின்னால் துவா ஓதிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டெம்போ கிளம்பிய சத்தம் கேட்ட பிறகுதான் போய்ப் போட்டாள்.

போன் எடுக்காதவளை நேரில்தான் பார்க்க வேண்டும். விசாரித்துக்கொண்டு கோட்டூர்புரம் போனாள். ஜெயபாரதி வாசலிலேயே நின்று பேசினாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"உங்க வீட்டுக் கூரை விழுந்ததும் என் ஞாபகம் வந்துச்சாக்கா?"

"அப்படியே வெச்சுக்க. வீட்டுல தண்ணி இல்ல ஜெயா. குடம் தூக்கி மாளல. நீ வந்தாத்தான் திறப்பாங்களாம்."

தண்ணி என்றதும் ஜெயபாரதி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

சொன்னபடி வந்தாள். அவள் படியேறும் சத்தம் கேட்டதும் துரைராஜ் வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. அடுத்த வீட்டுக் கதவும் சாத்தப்பட்டது. வெங்கடேஷ் அரக்கை உடைத்துப் பூட்டைத் திறந்தார். குப்பென்று பூஞ்சை வாடை. சமையலறைத் தரையில் கால் நனையத் தண்ணீர் நின்றது. சிங்க்கில் ஒரு தட்டு ஓட்டையை அடைத்துக்கொண்டு கிடந்தது. தட்டின் மேல், குழாய்க்கு நேர் கீழே, ஒரு எவர்சில்வர் டம்ளர் விளிம்பு வரை நிறைந்து நின்றது.

ஜெயபாரதி குழாயைத் திருகி மூடினாள். மூலையில் கிடந்த பழந்துணியை எடுத்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, தரையைத் துடைக்கக் குனிந்துவிட்டாள்.

"அதெல்லாம் வேண்டாம்மா" என்றார் வெங்கடேஷ். "இனிமே நாங்க பாத்துக்குவோம்."

அவள் துணியை அப்படியே போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ஸ்டவ்வைக்கூட மூணு தடவை பாத்துட்டுப் படுக்கிறவ நீ" என்றாள் வஜீஹா. "பைப்பைத் திறந்து போட்டுட்டா போவ?"

ஜெயபாரதி டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மாமாவுக்கு அன்னிக்கு நெஞ்சு படபடன்னு வந்துடுச்சுக்கா. மாத்திரை போடணும். தண்ணி கேனை முன்னாடியே டெம்போவுல ஏத்திட்டாங்க. பைப்பைத் திறந்தா வெறும் காத்து. சரி, இன்னிக்கு வஜீஹாக்கா முறைதானே, இப்ப போட்டுடுவாங்கன்னு டம்ளரை வெச்சுட்டு நின்னேன். பேங்க்காரங்க கிளம்பு கிளம்புன்னாங்க. கீழ உங்க வாசல்ல வந்து நின்னேன். உள்ள ஃபேன் ஓடுற சத்தம் கேட்டுச்சு. தட்டக் கை வரல. அஞ்சு கதவும் சாத்தியிருந்துச்சு."

"நீ அழறதை யாரும் பாக்கக் கூடாதுன்னுதான் ஜெயா…"

"நான் அழவே இல்லக்கா. ஒரு டம்ளர் தண்ணி கேக்கத்தான் வந்தேன்."

"மாமா?"

"மென்னு முழுங்கினார். அப்புறம் சரியாயிடுச்சு."

வஜீஹாவுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. நல்லது செய்கிறேன் என்று இவள் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தபோது, அதே கதவுக்கு முன்னால்தான் அவள் நின்றிருக்கிறாள்.

வெங்கடேஷ் மறுபடி பூட்டி அரக்கு வைத்தார். ஜெயபாரதி விறுவிறுவென்று படியிறங்கினாள். வஜீஹா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "உள்ள வா. வராம போனீன்னா என் மேல ஆணை" என்று இழுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் உட்கார வைத்தாள். கீழே இறங்கி மோட்டாரைப் போட்டாள். அன்று வரச்சொல்லி மொட்டை மாடியில் நிறுத்தியிருந்த டில்லிபாபுவை நோக்கி வால்வைத் திறக்கச் சொல்லிக் கத்தினாள்.

குழாயில் முதலில் காற்றுதான் வந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு துரு கலந்து கொஞ்சம் வந்து, தெளிந்து, வேகமாகக் கொட்டியது. வஜீஹா டம்ளரைக் கழுவிப் பிடித்துக் கொடுத்தாள். ஜெயபாரதி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, காலி டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, அப்போதுதான் அழுதாள். வாய்விட்டு, தெருவுக்கே கேட்கும்படி அழுதாள்.

வஜீஹா பழக்க தோஷத்தில் வாசல் கதவைச் சாத்த எழுந்துபோனாள். தாழ்ப்பாளில் கை வைத்தவள், கதவை அகலத் திறந்து விட்டுவிட்டுத் திரும்பி வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.