பதினெட்டாம் நம்பர் ரத்தம்

'ட்ரிங்ங்...!'

மேசை மீதிருந்த அலாரம் அலறியது. மணி ஏழரை. முதல் ரத்தம் எடுக்கும் நேரம். நர்ஸ் வசந்தா ஊசியோடு கட்டிலருகே வந்தாள்.

ஏவ்லின் கையை நீட்டினாள். சினைப்பையில் நீர்க்கட்டி உள்ள பதினெட்டுப் பெண்களில் அவள் கடைசி. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை இவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் சுரப்பைக் கூட்டுகிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சி அது. ஆறு மாதம் ஓடிவிட்டது. வாந்தி வந்தாலும் வயிறு கலக்கினாலும் ஒரு மாத்திரைகூடத் தவறவிட்டதில்லை என்பதில் ஏவ்லினுக்கு ஏகப்பட்ட கர்வம். காலி அட்டைகளை பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து காட்டுவாள்.

"ராத்திரிக்கு அப்புறம் எதுவும் சாப்பிடலையே?"

"ஒண்ணுமில்லக்கா. முதல் வெள்ளியாச்சே, அஞ்சரை பூசைக்குப் போய் நன்மை வாங்கிட்டு நேரா வந்துட்டேன்."

வசந்தாவின் கை நின்றது. "நன்மைன்னா... சாமியார் வாயில வைப்பாரே, அந்த அப்பமா?"

"ஐயே, அது சாப்பாடாக்கா?" சொல்லும்போதே ஏவ்லினின் முகம் வெளுத்தது. இட்லி காப்பியை மறக்காமல் தள்ளிவைத்தவளுக்கு இது தோன்றவே இல்லை.

வசந்தா குரலைத் தாழ்த்தினாள். "காகிதம் மாதிரி ஒரு துண்டு. வெறும் வயிறுன்னே எழுதிக்கிறேன். மத்தியானம் ரத்தப் பெட்டி சென்னைக்குப் போவுது. இன்னிக்கு விட்டா லிஸ்ட்ல நீங்க இல்ல. ஆறு மாசம் பட்ட பாடெல்லாம் வீண்."

ஏவ்லின் பக்கத்திலிருந்த பிஸ்கட் டப்பாவைப் பார்த்தாள். ஆனாலும் கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"வேணாங்க்கா. டாக்டரைக் கூப்பிடுங்க."

டாக்டர் விஜயராகவன் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "தண்ணியைத் தவிர எதுவும் கூடாதும்மா. இன்னிக்கு எடுக்க முடியாது" என்றவர், சென்னைக்குப் போன் போட்டார். கெஞ்சினார். ஒரே ஒரு நாள் கிடைத்தது.

மறுநாள் ஆறரைக்கே வந்து நின்றாள் ஏவ்லின்.

"இன்னிக்குக் கோயிலுக்கு?" வசந்தா கிண்டலடித்தாள்.

"வாசல்லயே சிலுவை போட்டுட்டு ஓடியாந்துட்டேன். சாமி கோச்சுக்காது."

ஹார்மோனைத் தூண்டும் மருந்து ஏறியது. கால் மணிக்கு ஒரு தரம் ரத்தம். ஒன்பது குழாய்கள் நிரம்பின. பதினெட்டாம் நம்பருக்கு நேரே வசந்தா டிக் அடிப்பதை ஏவ்லின் எழுந்து உட்கார்ந்து, நெஞ்சு நிமிர்த்திப் பார்த்தாள்.

"சரியான ஆளு நீங்க! நேத்தே நான் எழுதியிருந்தா யாருக்குத் தெரியப்போவுது?"

"என் தங்கச்சிக்கும் இதே நீர்க்கட்டிதாங்க்கா. நாளைக்கு இதையெல்லாம் பார்த்துத்தானே அவளுக்கு மாத்திரை எழுதுவாங்க?"