அரைச்சுரம் கூடின அப்பா

எண்பதுகளில் நான் இளைஞனாக இல்லாமல் போனது என் தவறல்ல. அப்போது அப்பாவும் அம்மாவும் சந்தித்திருக்கவே இல்லை. ஆனால் எங்கள் கல்லூரியில் அதற்கெல்லாம் மன்னிப்புக் கிடையாது. அந்தக் காலத்து ராக் பாட்டு, தோளில் பஞ்சு வைத்த கோட்டு, குருவி குடியிருக்கத் தோதான தலைமுடி, இதற்கெல்லாம் ஏங்காதவன் மனிதனே இல்லை என்று எங்கள் செட்டில் முடிவாகியிருந்தது. முடிவெடுத்த எவருக்கும் மீசை சரியாக முளைத்திருக்கவில்லை.

ஆண்டு விழாவில் ‘எண்பதுகள் மாலை’ என்று அறிவித்தார்கள். எங்கள் குழுவில் மூன்று பேர். கிட்டாரும் பாட்டும் நான். பேஸ் கிட்டார் குண்டூசி. அவனைப் பக்கவாட்டில் பார்ப்பது கஷ்டம். டிரம்ஸ் வாசிப்பவளுக்கு இடி என்று பெயர். நான் பாட வந்ததே அவளுக்கு முன்னால் நிற்கத்தான் என்பது குண்டூசிக்குத் தெரியும். இடிக்குத் தெரியாது.

ஒத்திகை, அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பின்னால் இருக்கும் கண் பரிசோதனை அறையில். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. சுவரில் எழுத்துகள் வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும் அட்டை. அதற்குக் கீழே டிரம்ஸ். முதல் ஞாயிறு அப்பா பூட்டைத் திறந்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. விழாவுக்கு நாங்கள் எடுத்திருந்த ராக் பாட்டைக் காதில் வாங்கிவிட்டார்.

“அந்தப் பாட்டா? கொஞ்சம் குடுடா” என்று என் கிட்டாரை வாங்கினார். தந்திகளை இழுத்துக் கட்டினார், முறுக்கினார், வாசித்தார்.

இடி எழுந்து நின்றுவிட்டாள். “அங்கிள்! நீங்க பேண்டுல இருந்தீங்களா?”

“ஏதோ. எங்க தெருவுல நாலு பேரு சேர்ந்து வாசிச்சோம்.”

“இவன் சொல்லவே இல்லையே?”

எனக்கே தெரியாது. அப்பா என்னிடம் சொன்ன கதைகளெல்லாம் லென்சில் கீறல் விழாமல் துடைப்பது பற்றியவை.

அதன்பிறகு ஞாயிறுகள் என் கையை விட்டுப் போயின. பெட்டியிலிருந்து பழைய போட்டோ வந்தது. அதில் அப்பாவுக்குத் தோள் வரை முடி. இப்போது அதில் கால்வாசிகூட இல்லை, ஆனாலும் இடி போட்டோவைத்தான் நம்பினாள். அந்தக் காலத்தில் விற்காமல் போன, முகத்தில் பாதியை மறைக்கிற பெரிய சதுர ஃப்ரேம் ஒன்றை அவளுக்கு இலவசமாகக் கொடுத்தார். எனக்குப் பவர் கூடினபோது, “பழைய ஃப்ரேமே போதும்டா” என்றவர் அவர்.

“உங்கப்பா செம கூல்டா” என்றான் குண்டூசி.

“உங்கப்பாவக் கூட்டிட்டு வாயேன்.”

“எங்கப்பாவுக்கு விசில்கூட வராது.”

ஒருநாள் செல்போனில் அசல் பாட்டைப் போட்டுக் கூடவே வாசித்துப் பார்த்தேன். அப்பா சொல்லிக்கொடுத்தபடி வாசித்தால் ஒட்டவே இல்லை. மறுபடி பார்த்தேன். அப்பாவின் வாசிப்பு அசலைவிட அரைச்சுரம் மேலே இருந்தது, வேகமும் கூடுதல். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அடுத்த ஒத்திகையில் எல்லார் முன்னாலும் கேட்டேன். “அப்பா, இதையெல்லாம் எதுல கேட்டுக் கத்துக்கிட்டீங்க?”

“எங்க பெரியப்பா ஒரு டேப் ரெக்கார்டர் வச்சிருந்தாரு. அதுலதான் எல்லாப் பாட்டும்.”

“அது வேகமா ஓடியிருக்கு. அதான் சுரமும் ஏறிடுச்சு.”

அசலை ஸ்பீக்கரில் போட்டேன். பிறகு அப்பாவை வாசிக்கச் சொன்னேன். குழந்தைக்குக்கூடப் புரியும். அப்பாவின் தெருவில் நான்கு பேரும் ஒரே மிஷினில் கேட்டு, ஒரே தப்பைக் கற்று, அத்தனை வருஷமும் அவசரமாகவே வாசித்திருக்கிறார்கள். வேறெங்கும் கேட்க வழியில்லாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அப்பா மூக்கைச் சொறிந்தார். “அதான் பின்னாடி சிடியில கேட்டப்போ பேட்டரி தீர்ந்த மாதிரி இருந்துச்சா? கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்னுல்ல நெனச்சேன்!”

நான் இடியைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அசல் தூங்குதுடா. அங்கிளோடதுதான் நல்லாருக்கு. நாம இப்படியே வாசிப்போம்.”

“தப்பும்மா அது” என்றார் அப்பா.

“இருக்கட்டும் அங்கிள். ஊர்ல எல்லாரும் அசலைத்தான் வாசிப்பாங்க.”

அரைச்சுரம் ஏறிய பாட்டை நான் பாடினேன். உச்சியில் என் குரல், வாலை மிதித்த பூனையானது. இன்னொரு தடவை பாடினேன். அதே பூனை. அப்பா தயங்கித் தயங்கி ஒரு தடவை பாடிக் காட்டினார். ஏறிவிட்டது.

“அங்கிள் பாடட்டும். நீ கோரஸ் பாரு” என்றாள் இடி. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

விழா மேடையில் அப்பா நடுவில். நான் ஓரத்தில், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில். சபை முதல் வரிக்கே எழுந்து ஆடியது. என் மனதில் ஒரே பிரார்த்தனைதான்: அந்த உச்சியில் அவருக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பிசிறடிக்க வேண்டும்.

பிரார்த்தனை பலித்தது. கடைசிச் சரணத்தில் உச்சிக்கு முந்தின வார்த்தையிலேயே அப்பாவுக்கு மூச்சு நின்றது. வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. என் பக்கம் திரும்பினார். கண் பரிசோதனைக்கு வந்து, முதல் எழுத்தே தெரியாதவர்கள் முழிப்பார்களே, அந்த முழி.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பாடியிருக்க மாட்டேன். உச்சி எனக்கு எட்டாது. அதே வரியைக் கீழே, தொண்டையின் அடியில் பிடித்துப் பாடினேன். இரண்டாவது வரியில் அப்பா மேலே வந்து சேர்ந்துகொண்டார். கூரை பிய்ந்துவிடும் போலக் கைதட்டல்.

மேடைக்குப் பின்னால் இடி ஓடி வந்தாள். “அங்கிள்! அந்த இடத்துல நிறுத்தி, அவனைக் கீழ பாட விட்டீங்களே! என்ன ஐடியா அங்கிள்!”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

“ஐடியாவும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. எனக்கு மூச்சு போயிடுச்சு. இவன்தான் காப்பாத்துனான்.”

இடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் தோளில் ஒரு அடி போட்டாள்.

“பாருடா, பாரு! எல்லாத்தையும் தானே பண்ணிட்டு, பேரை உனக்குத் தர்றாரு. இந்தப் பெருந்தன்மை உனக்கு வருமா?”

“வராது” என்றேன்.