ஏழாவது காரணம்

அந்த மருத்துவமனையில் அவருக்குப் பட்டியல்காரர் என்றே பெயர். மறுநாள் யார் யாருக்கு அறுவை சிகிச்சை என்று பட்டியல் போடுவதும், அவர்களைப் போனில் கூப்பிட்டு, பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வரவேண்டும் என்று மிரட்டுவதும் அவர் வேலை. சிகிச்சை தள்ளிப்போனால் ஏன் என்று குறிக்க ஒரு படிவம் உண்டு. கட்டில் இல்லை, கருவிகள் சுத்தமாகி வரவில்லை, டாக்டர் வரவில்லை என்று பதினோரு காரணங்கள். படிவத்தை எழுதியவரே அவர்தான். பன்னிரண்டாவதாக ஒரு காரணம் உலகத்திலேயே கிடையாது என்று நம்பினார், பாவம்.

ஏழாவதைக் கண்டால்தான் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்: நோயாளி சாப்பிட்டுவிட்டார். பித்தப்பையில் கல்லோடு அலைந்த தையல்காரம்மா மூன்றாம் முறையும் பிஸ்கட் தின்றுவிட்டு வந்தபோது, வராந்தாவில் பத்துப் பேர் கேட்க, "ஒரு நாள் வாயக் கட்ட முடியாதாம்மா உங்களால?" என்று கேட்டார். அந்த அம்மா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றார்.

பிறகு அவருக்கே குடலிறக்கம் வந்தது. இனியும் தள்ளிப்போட்டால் குடல் சிக்கிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி ஒரு வாரம் லீவு போட்டாள். பட்டியலில் தன் பெயரையே முதலில் எழுதிக்கொண்டார். அதிகாரத்தில் இருப்பவர் வேறு என்ன செய்வார்?

செவ்வாய்க்கிழமை காலை, படுத்தபடியே தன் பதினோரு காரணங்களில் ஏதாவது ஒன்று வந்து காப்பாற்றாதா என்று ஏங்கினார். கட்டில் இருந்தது, அதில்தான் படுத்திருந்தார். என்றைக்கும் நேரத்துக்கு வராத டாக்டர் அரைமணி முன்னதாகவே வந்து நின்றார். கருவிகள் பளபளத்தன. பத்தொன்பது வருஷமாக இந்த ஒழுங்குக்காகத்தான் தொண்டை கிழியக் கத்தினார். அது வந்து தொலைத்தது இன்றைக்கு.

மனைவி கையெழுத்துப் போடப் போயிருந்தாள். அவள் பிளாஸ்க் பக்கத்திலேயே இருந்தது. பசியில்லை, தாகமில்லை. ஒரு மூடி நிறைய ஊற்றிக் குடித்துவிட்டார். குடித்து முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்பதே உறைத்தது.

நர்ஸ் படிவத்தோடு வந்தார். "உங்களப் போய்க் கேக்கறேன் பாருங்க. ஒண்ணும் சாப்பிடலைதானே சார்?"

இல்லை என்று தலையாட்டினால் முடிந்தது. ஆனால் மயக்கத்தில் வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர் அவர்.

"டீ குடிச்சேன் சிஸ்டர்."

"பால் டீயா?"

"பால் டீ."

மயக்க மருந்து டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார். பால் சேர்ந்தால் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும்; சாயங்காலம் செய்யலாம் என்றால் பட்டியலில் இடமில்லை. அதை இப்படி நெருக்கி எழுதிய புண்ணியவானும் அவரே. நர்ஸ் ஏழாவது காரணத்தில் ஒரு கோடு போட்டு, வியாழக்கிழமைக்கு மாற்றினார். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "பயமா இருந்தா எங்கிட்ட சொல்லியிருக்கலாமேங்க," என்றாள். அப்படி ஒரு காரணம் படிவத்தில் இல்லையே என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியது. வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை மதியம் வழக்கம்போல் போனை எடுத்தார். பட்டியலில் அவருக்கு அடுத்த பெயர் தையல்காரம்மா. "இந்தத் தடவ ஒண்ணும் சாப்பிட மாட்டேன் சார்," என்று அந்த அம்மா முந்திக்கொண்டார்.

"பயமா இருக்காம்மா?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது. "திரும்பக் கண்ண முழிப்பமான்னு இருக்கு சார்."

"எனக்கும் அதேதாம்மா. நேத்து எனக்கு ஆபரேஷன். டீயக் குடிச்சுக் கெடுத்துட்டேன்."

"நீங்களா?" அந்த அம்மா சிரித்த சிரிப்பு முழுக்க அவருக்குச் சேரவேண்டியதுதான். வாங்கிக்கொண்டார். வேண்டுமானால் உங்களை முதலில் போடட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம் சார். நீங்க முதல்ல போங்க. முழிச்சதும் எனக்குச் சொல்லி அனுப்புங்க."

மறுநாள் கண் திறந்தபோது மனைவி மேலே குனிந்து, வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாக்கு மரக்கட்டையாக இருந்தது.

"வராந்தால தையல்காரம்மா இருப்பாங்க," என்றார். "நான் முழிச்சுட்டேன்னு போய்ச் சொல்லு."